பெட்டியில் 1066, திரையில் 266: எது உண்மை?

கணினி கேள்வி பதில் பகுதிக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பஸ் வேகத்தைப் பற்றியவை, அதாவது கணினிக்குள் புரொசசரும் மற்றப் பகுதிகளும் தகவல் பரிமாறும் பாதையின் வேகத்தைப் பற்றியவை. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்குத் தாவிய பிறகு புதுக் கணினி வாங்குவது பல வீடுகளில் தள்ளிப்போட்ட கதையாகிவிட்டது, இருக்கிறதையே கொஞ்சம் வேகமாக ஓட்டலாமா என்று பிள்ளைகள் பயோஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) இறங்குகிறார்கள். இறங்கட்டும், தடுக்க மாட்டேன். ஆனால் எதைத் தொடுகிறோம் என்று தெரிந்து தொட வேண்டும், அதனால் இம்முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: பம்பலப்பிட்டியில் பாவித்த கணினி ஒன்று வாங்கினேன் அண்ணா. கோர் 2 குவாட் கியூ6600. 2.4 ஜிகாஹேர்ட்ஸ், பஸ் 1066 என்று சொல்லித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து சிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் வேகம் 1600, மல்டிபிளையர் 6, பஸ் ஸ்பீட் 266.7 என்று நிற்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: இல்லை தம்பி, யாரும் ஏமாற்றவில்லை. கடையில் சொன்னதும் சரி, திரையில் தெரிவதும் சரி.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது மிருதங்கமோ பரதமோ பழகியிருந்தால் இதை விளங்கப்படுத்துவது சுலபம். கை ஒரே சீராகத் தாளம் போடுகிறது. முதலாம் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு சொல். இரண்டாம் காலத்தில் அதே தட்டுக்குள் 'தக' என்று இரண்டு. மூன்றாம் காலத்தில் 'தகதிமி' என்று நான்கு. கையின் வேகம் மாறவே இல்லை, ஒரு தட்டுக்குள் எத்தனை சொல் அடங்குகிறது என்பதுதான் மாறுகிறது. உங்கள் மதர்போட்டில் நொடிக்கு 266.67 மில்லியன் தடவை விழுகிற அந்தத் தட்டுத்தான் பஸ் ஸ்பீட். அந்தக் காலத்து இன்டெல் ஃப்ரண்ட் சைட் பஸ் (சுருக்கமாக எஃப்எஸ்பி, புரொசசரை மதர்போட்டோடு இணைக்கும் பாதை) ஒரு தட்டுக்கு நான்கு தடவை தகவல் அனுப்பும், மூன்றாம் காலம் மாதிரி. 266.67ஐ நான்கால் பெருக்கினால் 1066. சிபியு-இசட்டில் பஸ் ஸ்பீடுக்குக் கீழேயே ரேட்டட் எஃப்எஸ்பி என்று ஒரு வரி இருக்கிறது, அங்கே 1066 நிற்கும், பாருங்கள். விளம்பரத்துக்குப் பெரிய எண்தான் போகும். அதை மெகாஹேர்ட்ஸ் என்று எழுதியதுதான் இத்தனை வருடக் குழப்பத்துக்கும் காரணம், உண்மையில் அது ஒரு நொடியில் நடக்கும் பரிமாற்றங்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 64 பிட், அதாவது 8 பைட் போகும், ஆகவே அந்தப் பாதையில் நொடிக்குச் சுமார் 8.5 ஜிகாபைட்.

புரொசசர் தன் வேகத்தையும் இதே தட்டில் இருந்துதான் எடுக்கிறது. கியூ6600இன் மல்டிபிளையர், அதாவது தட்டைப் பெருக்கும் எண், 9. ஒரு தட்டுக்கு ஒன்பது, சங்கீர்ண நடை. 266.67ஐ ஒன்பதால் பெருக்குங்கள், 2400 வரும். அதே குடும்பத்து இ6300க்கு மல்டிபிளையர் 7, ஆகவே அதே தட்டில் 1.86 ஜிகாஹேர்ட்ஸ்.

அப்படியானால் உங்கள் திரையில் 1600 ஏன்? வேலை இல்லாத நேரத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க புரொசசர் தானாகவே மல்டிபிளையரை 9இல் இருந்து 6க்கு இறக்கிக்கொள்ளும், ஸ்பீட்ஸ்டெப் என்று அதற்குப் பெயர். சிபியு-இசட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு பெரிய கோப்பை ஸிப் செய்யக் கொடுங்கள். அந்த 6 உங்கள் கண் முன்னாலேயே 9 ஆகும், 1600 இருந்த இடத்தில் 2400 வரும், வேலை முடிந்ததும் திரும்பவும் இறங்கும். பஸ் ஸ்பீட் மட்டும் 266.7இல் அசையாமல் நிற்கும். அதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் இந்த விஷயத்தில் பாதி விளங்கின மாதிரி.

கேள்வி: என்னிடமும் அதே கியூ6600 இருக்கிறது. மதர்போட் பி35 சிப்செட், டிடிஆர்2-800 ராம் 4 ஜிபி. 3 ஜிகாஹேர்ட்ஸுக்குக் கொண்டு போகலாம் என்கிறார்கள். பயோஸில் 266ஐ 333 ஆக மாற்றினேன், சில நேரம் எழும்புகிறது, சில நேரம் கறுப்புத் திரை. எங்கே பிழை? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: எண் சரி. 333ஐ ஒன்பதால் பெருக்கினால் 3000. இந்தப் புரொசசரில் மல்டிபிளையரை 9க்கு மேலே ஏற்ற முடியாது, இன்டெல் பூட்டி வைத்திருக்கிறது, எக்ஸ்ட்ரீம் என்று பெயர் போட்டு விற்றவற்றில் மட்டும்தான் திறந்து விட்டார்கள். ஆகவே வேகம் கூட்ட ஒரே வழி தட்டைக் கூட்டுவதுதான். உங்கள் சிப்செட்டான (மதர்போட்டில் தகவல் போக்குவரத்தை நடத்தும் சில்லு) பி35க்கு 1333 பஸ், அதாவது 333 தட்டு, கம்பனியே அனுமதித்த வேகம், அதனால் மதர்போட்டுக்கு இது சிரமமே இல்லை. (இதை வாசிக்கும் வேறு யாரிடமாவது பழைய 945 சிப்செட் இருந்தால் அதன் எல்லை 1066, அங்கே இந்தக் கணக்கைப் பார்த்து 333 போடாதீர்கள்.)

உங்கள் பிழை ராமில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தாளத்தைக் கூட்டினால் மிருதங்கக்காரர் மட்டும் வேகமாக வாசிப்பதில்லை, வயலினும் கடமும் ஆடுகிறவரும் எல்லோரும் சேர்ந்து ஓட வேண்டும். ராமுக்கும் அதே தட்டில் இருந்துதான் வேகம் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. டிடிஆர்2-800 என்பதன் உண்மையான தட்டு 400, ஒரு தட்டுக்கு இரண்டு தடவை அனுப்புவதால் 800 என்று எழுதுகிறார்கள். பஸ் 266இல் இருந்தபோது ராமை 400க்குக் கொண்டுவர மதர்போட் 2க்கு 3 என்ற விகிதத்தைப் பிடித்திருக்கும். நீங்கள் பஸ்ஸை 333 ஆக்கியதும் விகிதம் அப்படியே இருந்தால் ராம் 500க்குப் போய்விடும், அதாவது டிடிஆர்2-1000. உங்கள் ராம் அதற்குச் செய்யப்பட்டதல்ல. சில காலை தாங்கும், சில காலை தாங்காது. நீங்கள் சொல்கிற அறிகுறியும் அதுதான்.

விகிதத்தை 5க்கு 6 ஆக்குங்கள். 333க்கு அது சரியாக 400 தரும், ராம் தன்னுடைய பழைய வேகத்திலேயே நிம்மதியாக இருக்கும். சில பயோஸ்களில் விகிதமாகக் காட்டாமல் ராமின் வேகத்தையே 667, 800, 1000 என்று பட்டியல் போடும், அங்கே 800ஐத் தெரிவு செய்தால் போதும். பரிசோதிக்கும் நாட்களில் ஒன்றுக்கு ஒன்று வைத்து 667இல் ஓடவிடுவது இன்னும் நல்லது, ராமின் மேல் சந்தேகமே இல்லாமல் புரொசசரை மட்டும் பார்க்கலாம்.

அடுத்தது, பிசிஐ எக்ஸ்பிரஸ் (கிராபிக்ஸ் கார்ட் போன்றவை குத்தும் பாதை) அலைவரிசை. அதை 'ஓட்டோ' (தானாகத் தெரிவு செய்வது) என்று விடாமல் 100 என்று கையால் எழுதுங்கள். அதற்கு முந்திய பழைய பாதையான பிசிஐக்குத் தனியாக ஒரு வரி இருந்தால் 33.3. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2003இல் என்னிடம் ஏஎம்டியின் அத்லோன் எக்ஸ்பி 1700+ புரொசசர் இருந்தது, 133ஐ 11ஆல் பெருக்கி 1466 மெகாஹேர்ட்ஸ். பஸ்ஸை 150க்கு ஏற்றினேன், 1650 ஆனது, சந்தோஷமாக இருந்தது. அந்த மதர்போட்டில் பிசிஐயைத் தனியே பூட்டும் வசதி இல்லை, பஸ்ஸை நான்கால் வகுத்துத்தான் பிசிஐக்குக் கொடுக்கும், ஆகவே 33இல் ஓட வேண்டியது 37.5இல் ஓடியது, ஹார்ட் டிஸ்க்கின் கட்டுப்பாட்டுச் சில்லும் அதோடு சேர்ந்து ஓடியது. கணினி ஒருமுறையும் நிற்கவில்லை, ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. அப்போது அம்மம்மாவின் 31ஆம் நாளுக்கான கல்வெட்டை (நினைவு மலரை) பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தேன், தேவாரங்கள், வம்சாவளி, மாமா எழுதிய நினைவுரை எல்லாம் அதில். அச்சகத்துக்குக் கொடுக்க முதல்நாள் திறந்தபோது நான்காம் பக்கம் வரை எழுத்து, அதற்குப் பிறகு வெறும் கட்டங்கள். மற்றக் கோப்புகளையும் திறந்து பார்த்தால் படங்கள் பாதியோடு நரைத்துப் போயிருந்தன. அன்று இரவு அம்மா பக்கத்தில் இருந்து வாசிக்க வாசிக்க விடியும் வரை திரும்ப அடித்தேன். பஸ்ஸை 133க்குத் திருப்பிய பிறகு புதிதாக ஒரு கோப்பும் கெடவில்லை. உங்கள் மதர்போட் அந்தக் காலத்தைத் தாண்டியது, பூட்டு இருக்கிறது, அதைப் போடுங்கள். போட்டாலும் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இனி ஒரேயடியாக 333க்குத் தாவாமல் பத்துப் பத்தாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் பிரைம்95 (புரொசசருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் மென்பொருள்) ஒரு மணி நேரம் ஓடட்டும், வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தடுமாறினால்தான் வோல்ட்டைத் தொட வேண்டும், அதுவும் மிகச் சிறிய படியாக. வேகத்தை விட வோல்ட்தான் சூட்டுக்குப் பெரிய காரணம், ஏனென்றால் மின்சக்தி வேகத்தோடு நேராக ஏறுகிறது, வோல்ட்டோடு வர்க்கமாக ஏறுகிறது. 2.4இல் இருந்து 3.0க்கு அதே வோல்ட்டில் போனால் 25 சதவீதம் கூடுதல் சூடு. அதோடு 1.25 வோல்ட்டை 1.35 ஆக்கினால் கூடுதல் 46 சதவீதத்துக்குப் போய்விடும். கியூ6600இல் பி3 என்று ஒரு பதிப்பும் ஜீ0 என்று ஒரு பதிப்பும் உண்டு, முதலாவது 105 வாட், பிந்தியது 95 வாட், சிபியு-இசட்டில் ரிவிஷன் என்ற இடத்தில் பார்க்கலாம். ஜீ0 என்றால் அதிகமாக வோல்ட் கூட்டாமலேயே 333க்கு வந்துவிடும் வாய்ப்பு நிறைய. பி3 என்றால் 300இல், அதாவது 2.7இல் நிற்பது என் யோசனை.

வெளிநாட்டுக்காரர்கள் போடும் வெப்பக் கணக்குகளை அப்படியே நம்பாதீர்கள். அவர்களுடைய அறை 20 பாகை, பகல் நேரத்தில் வெள்ளவத்தையில் ஏசி இல்லாத அறை 30ஐத் தாண்டும், அந்தப் பத்துப் பாகையும் அப்படியே புரொசசரின் மேல் ஏறும். முழு வேலையில் 70ஐத் தாண்டினால் ஒரு படி இறங்குங்கள். அதற்கு முன்னால், கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளையும் திருப்பிக் கழற்றி ஒருமுறை பாருங்கள். பாவித்து வந்த பெட்டிகளில் புரொசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிரும், ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே தூசியும் கடல் உப்பும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி அடைத்திருக்கும், காலி வீதிக்குக் கீழே கடற்கரைப் பக்கம் இருக்கிற வீடுகளில் இது இன்னும் மோசம். துடைத்துப் புதுப் பேஸ்ட் ஒரு பயறளவு வைத்துப் பூட்டிப் பாருங்கள், சில பாகை சும்மாவே இறங்கும். திரும்பப் பூட்டும்போது நான்கு ஊசிகளும் மதர்போட்டின் மறுபக்கம் வரை போய் விரிந்திருக்க வேண்டும், மூன்று மட்டும் பிடித்து ஒரு மூலை தூக்கி நின்ற எத்தனையோ பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்காவின் பழைய கணினி என்னிடம் வந்திருக்கிறது, ஐ5-2400. மாமா கோர் 2 டுவோவில் பஸ்ஸைக் கூட்டி நன்றாக ஓட்டினார் என்பதால் நானும் 100ஐ 110 ஆக்கினேன். விண்டோஸ் ஏறவில்லை, டிஸ்க்கே இல்லை என்கிறது. மாமாவுக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை? (தெஹிவளை, உயர்தர மாணவி)

பதில்: தங்கச்சி, மாமாவின் கணினியும் உங்களுடையதும் உள்ளே வேறு வேறு சாதி. ஃப்ரண்ட் சைட் பஸ் என்ற ஒன்று உங்களுடையதில் கிடையாது. ராமைக் கட்டுப்படுத்தும் பகுதியை ஏஎம்டி 2003இலேயே அத்லோன் 64இல் புரொசசருக்குள் கொண்டு வந்துவிட்டது, இன்டெல் 2008இல் முதல் ஐ7களோடு கொண்டு வந்தது. அப்போது மிஞ்சியது வெறும் அடிப்படைத் தட்டு மட்டும், 133. 2011 ஜனவரியில் உங்கள் ஐ5 குடும்பம் வந்தபோது அது 100 ஆனது, கூடவே இன்னொரு பெரிய மாற்றமும் வந்தது: தட்டுப் போடுகிற கருவியை மதர்போட்டின் சிப்செட்டுக்குள்ளேயே வைத்து, புரொசசர், பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா (டிஸ்க்கின் பாதை), யூஎஸ்பி எல்லாவற்றையும் அந்த ஒரே தட்டில் கட்டிவிட்டார்கள். பூட்டு, விகிதம் ஒன்றும் இல்லை. நீங்கள் 110 ஆக்கியபோது டிஸ்க்கின் பாதையும் பத்துச் சதவீதம் தவறிப் போயிருக்கிறது, அது டிஸ்க்கைக் காணவில்லை என்று சொன்னது நல்ல காலம்.

இந்த வகையில் 103, 105க்கு மேலே போவது அரிது. 103 வைத்தால் 3.1 ஜிகாஹேர்ட்ஸ் 3.19 ஆகும், அந்த வித்தியாசத்தை நீங்கள் உணரவே மாட்டீர்கள். அதற்காக டிஸ்க்கில் இருக்கிற உங்கள் பாடக் குறிப்புகளைப் பணயம் வைக்காதீர்கள், 100க்குத் திருப்பிவிடுங்கள். அந்தத் தலைமுறையில் வேகம் கூட்ட விரும்பினால் 2500கே மாதிரி கடைசியில் கே எழுத்துப் போட்ட, மல்டிபிளையர் திறந்த புரொசசர் வேண்டும், அதற்கேற்ற மதர்போட்டும் வேண்டும். சிபியு-இசட் இன்றைக்கும் அந்த 100ஐ பஸ் ஸ்பீட் என்றே எழுதுகிறது, உங்களைக் குழப்பியது அந்தப் பழைய பெயர்தான். 99.8 என்று காட்டினாலும் பயப்பட வேண்டாம், அது வழமை.

2015இல் ஸ்கைலேக் என்ற புரொசசர் தலைமுறையில் இன்டெல் இந்தக் கட்டை அவிழ்த்தது, பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு வேறு தட்டு, புரொசசருக்கு வேறு. உடனே சில மதர்போட் கம்பனிகள் கே இல்லாத புரொசசர்களையும் தட்டின் வழியாக ஏற்ற பயோஸ் வெளியிட்டன, ஒரு சில மாதங்களிலேயே அந்தக் கதவு மூடப்பட்டது. அந்தக் குறுகிய காலத்துப் பதிவுகளைப் பார்த்துவிட்டு எல்லா இன்டெல்லிலும் இது முடியும் என்று சிலர் இன்றும் எழுதுகிறார்கள்.

கேள்வி: ரைசன் 5 3600, பி450 மதர்போட், 3200 என்று எழுதிய 8 ஜிபி ராம் இரண்டு. டாஸ்க் மனேஜரில் 2400 என்றுதான் காட்டுகிறது. சிபியு-இசட்டில் 1200. பஸ்ஸை 100இல் இருந்து 102 ஆக்கினால் ராம் ஏறுமா? (மட்டக்குளி வாசகர்)

பதில்: 102ஐத் தொட வேண்டாம், தேவையே இல்லை. 1200உம் 2400உம் ஒன்றுதான், மேலே சொன்ன இரண்டாம் காலக் கணக்கு. 3200 ராமும் முதலில் பூட்டும்போது பொதுவான பாதுகாப்பான வேகத்தில்தான் எழும்பும், பெட்டியில் எழுதிய வேகத்துக்கு நீங்கள்தான் அனுமதி கொடுக்க வேண்டும். பயோஸில் எக்ஸ்எம்பி என்றோ டிஓசிபி என்றோ ஒரு வரி இருக்கும், அதை இயக்கிச் சேமியுங்கள். டாஸ்க் மனேஜர் 3200 காட்டும், சிபியு-இசட் 1600 காட்டும்.

உங்கள் ரைசனில் இதற்கு இரட்டிப்புப் பலன். புரொசசரின் பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற பாதை ராமின் தட்டோடு சேர்ந்தே ஓடுகிறது, ராம் 1600க்கு வந்தால் அதுவும் 1600க்கு வரும். 3600 ராம் வரை, அதாவது 1800 வரை, இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாகப் போகும், அதற்கு மேலே போனால் விகிதம் பாதியாகிவிடுவதால் விலை கூடிய ராம் வாங்கி மெதுவாக ஓட்டுவதாகத்தான் முடியும். புரொசசரின் பக்கத்தில் இருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் ராம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் குத்தியிருந்தால் இரண்டு வழிப் பாதை ஒருவழியாகிவிடும், 3200இல் ஒரு வழி என்பது நொடிக்கு 25.6 ஜிகாபைட், இரண்டு வழி என்றால் அதில் இரட்டிப்பு. காசு செலவில்லாமல் கிடைக்கிற வேகம் இது, இதை விட்டுவிட்டு மற்றதைத் தேடாதீர்கள்.

கேள்வி: புறக்கோட்டையில் மொத்தக் கடை. கணக்கு எழுதும் கணினி காலையில் எழும்பப் பத்து நிமிடம். மகன் பஸ்ஸைக் கூட்டித் தருகிறேன் என்கிறார், விடலாமா? (ஒரு வியாபாரி)

பதில்: விடாதீர்கள் ஐயா. காலையில் மெதுவாக எழும்புவது புரொசசரின் குற்றமல்ல, சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கின் குற்றம். சுழலும் பகுதி இல்லாத சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை மகனைக் கொண்டு மாற்றச் சொல்லுங்கள், அவருக்கும் கை வேலை, உங்களுக்கும் பத்து நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் வரும். வேகத்தைக் கூட்டிய கணினி ஆயிரம் கணக்கில் ஒன்றைப் பிழையாகக் கூட்டினால் விளையாட்டில் ஒரு புள்ளி நிறம் மாறும், அவ்வளவுதான். உங்கள் பேரேட்டில் அது யாரோ ஒருவருடைய பாக்கி. கடைக் கணினியில் எனக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை. கரண்ட் போனால் தாங்க ஒரு யூபிஎஸ்ஸும் வையுங்கள்.

கேள்வி: பஸ்ஸை ஏற்றிச் சேமித்தேன், இப்போது திரையே வரவில்லை, பயோஸுக்குள்ளும் போக முடியவில்லை. மதர்போட் செத்துவிட்டதா? (கல்கிசை வாசகி)

பதில்: பெரும்பாலும் இல்லை. முதலில் பொறுத்துப் பாருங்கள், பல மதர்போட்கள் இரண்டு மூன்று தடவை தாமாக நின்று எழும்பிப் பழைய அளவுக்குத் திரும்பும். அப்படி வராவிட்டால் சுவரில் இருந்து வயரைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, மதர்போட்டில் இருக்கும் ஐம்பது சத நாணயம் மாதிரியான சிஆர்2032 பற்றரியை நகத்தால் கிளப்பி எடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். சிமோஸ் என்று எழுதிய ஜம்பர் பக்கத்தில் இருந்தால் அதன் இரண்டு ஊசிகளையும் சில நொடி இணைப்பதும் அதே வேலைதான். எல்லா அளவும் தொழிற்சாலையில் வைத்தபடி திரும்பும், நேரமும் திகதியும் கூடப் போய்விடும், அவற்றைத் திரும்பப் போட வேண்டி வரும். அதற்குப் பிறகும் திரை வராவிட்டால் ஒரு ராமை மட்டும் விட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. அப்போதும் இல்லையென்றால் மதர்போட்டின் மாதிரி இலக்கத்தையும், கடைசியாகப் போட்ட எண்களையும் எனக்கு எழுதுங்கள். போட்ட எண்கள் ஞாபகம் இல்லை என்று சொல்லாமல் இனிமேல் சேமிக்க முன்னம் அந்தத் திரையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.